பழைய கட்டடங்களைச் சுண்ணாம்புச் சாந்தால் பழுதுபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கல் கட்டடத்தையோ செங்கல் கட்டடத்தையோ பழுதுபார்க்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில பதில்கள் நீளமாக இருக்கும். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் இன்னும் வலுவானதுதானே? அதை வைத்தே பூசிவிட்டால் என்ன?

வலுவானதுதான். பிரச்சினையே அதுதான். பழைய செங்கல் பெரும்பாலும் மிருதுவானது. பழைய சுவர்கள் பலவற்றுக்கு ஆழமான அஸ்திவாரமும் கிடையாது. வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, மண் ஊறும்போது கொஞ்சம் அசைந்து கொடுத்துத்தான் அந்தச் சுவர் இத்தனை காலம் நின்றிருக்கிறது. அந்த அசைவையெல்லாம் வாங்கிக்கொண்டது நடுவில் இருந்த சாந்து. அதை எடுத்துவிட்டுச் சிமெண்டை வைத்து இறுக்கினால், அடுத்த அசைவில் சிமெண்ட் விட்டுக்கொடுக்காது. செங்கல்தான் உடையும்.

அடுத்தது தண்ணீர். மழைச்சாரல், தரையிலிருந்து ஏறும் ஈரம் என்று எந்தச் சுவருக்குள்ளும் ஈரம் போகத்தான் செய்யும். உள்ளே போனது வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் அதிகம், ஈரம் அந்த வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் வைத்தால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறும், உப்பையும் கூட இழுத்துக்கொண்டு வரும். செங்கலின் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே அந்த உப்பு படிகமாகி, மேல்தோலை உரித்துத் தள்ளும். போதாததற்குச் சிமெண்டே கரையும் உப்புகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால் செங்கல்கள் குழிந்திருக்கும், சிமெண்ட் கோடுகள் மட்டும் தேன்கூட்டுச் சட்டம்போல முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை.

சாந்து தேய்ந்தால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். செங்கலும் கல்லும் தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதனால் சுவரிலேயே வலு குறைந்த, மெலிந்த பொருளாகச் சாந்து இருக்க வேண்டும்.

என் கட்டடம் சுண்ணாம்பில் கட்டியதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் வயது. இன்று நாம் சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். அது எல்லா இடங்களுக்கும் பரவப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதற்கு முந்தைய கட்டடம் என்றால், அசல் சாந்து நிச்சயம் போர்ட்லாண்ட் சிமெண்ட் இல்லை.

அடுத்து ஒரு சாவியோ ஆணியோ எடுத்துக்கொண்டு, மழை நேரடியாகப் படாத ஓர் இணைப்பை, அதாவது செங்கல்களுக்கு நடுவில் இருக்கும் சாந்துக் கோட்டை, கீறிப் பாருங்கள். சுண்ணாம்பாக இருந்தால் கீறல் விழும், பொடி வெளுப்பாக வரும். உற்றுப் பார்த்தால் கடுகளவு, மிளகளவு வெள்ளைக் கட்டிகள் கலவைக்குள் தெரியும். அவை சரியாகக் கலக்காத சுண்ணாம்பு. இந்தக் கட்டிகள்தான் மிக நல்ல அடையாளம். சாம்பல் நிறமாக, கீறினால் சாவிதான் தேய்கிறது என்றால் அது பிற்காலத்தில் யாரோ வைத்த சிமெண்டாக இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சாம்பல் கலந்த பழைய சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான் இருக்கும்.

வினிகர் விட்டால் நுரைக்கும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். நாள்பட்ட சிமெண்டும் நுரைக்கும் என்பதால் இந்த விஷயத்தில் அது உதவாது.

இன்னொன்று, வெளியே சுண்ணாம்பு இருந்தாலும் சுவரின் உள்ளே மண் சாந்து இருக்கக்கூடும். உள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவையுங்கள். கரைந்து சேறானால் மண். அப்படிப்பட்ட சுவரில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் வேலையே வேண்டாம்.

சுண்ணாம்பு எப்படித்தான் இறுகுகிறது?

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. 100 கிலோ சுத்தமான கல்லில் 44 கிலோ இப்படிக் காற்றோடு போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இதில் தண்ணீர் சேர்த்தால் கொதித்து, பூத்து, நீற்றிய சுண்ணாம்பாகிறது. அதை மணலோடு கலந்து சுவரில் வைத்ததும், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது.

காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. அது சாந்தின் துளைகளில் இருக்கும் ஈரத்தில் கரைந்துதான் வேலை செய்யும். முழுக்க நனைந்திருந்தால் காற்று உள்ளே புக இடமில்லை. முழுக்கக் காய்ந்துவிட்டால் கரைய ஈரமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சுவரை வைத்திருப்பதுதான் சுண்ணாம்பு வேலை. ‘காய விடுவது’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை என்பதை வேலையாட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எத்தனை வகைச் சுண்ணாம்பு இருக்கிறது? எதை வாங்க வேண்டும்?

பெரிய பிரிவு இரண்டு. ஒன்று, காற்றில் மட்டும் இறுகும் சுத்தமான சுண்ணாம்பு. நீற்றிய விழுதாகவோ பொடியாகவோ கிடைக்கும். மற்றது, தண்ணீரோடு சேர்ந்தே ஓரளவு இறுகிவிடும் நீரிறுகு சுண்ணாம்பு. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் இது கிடைக்கும். இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தை 1756 முதல் 1759 வரை கட்டிய ஜான் ஸ்மீட்டன், தண்ணீருக்கடியிலும் இறுகும் சுண்ணாம்பைத் தேடியபோதுதான் கல்லில் இருக்கும் களிமண்தான் அதற்குக் காரணம் என்று கண்டார்.

ஐரோப்பியத் தரநிலைப்படி இயற்கையான நீரிறுகு சுண்ணாம்பு என்.எச்.எல். 2, 3.5, 5 என்று மூன்று தரங்களில் வருகிறது. அந்த எண், 28 நாளில் அது எட்ட வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமை, மெகாபாஸ்கல் அளவில். சாதாரணச் சிமெண்ட் மூட்டையில் இதே இடத்தில் 32.5, 42.5 என்று இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

மிருதுவான செங்கல், உள்சுவர், நுண்ணிய பூச்சு என்றால் விழுது. மழையும் காற்றும் அடிக்கும் கைப்பிடிச் சுவர், தரையோடு ஒட்டிய பகுதி, கடினமான கல் என்றால் நீரிறுகு வகை. சந்தேகமாக இருந்தால் மெலிந்த தரத்தையே எடுங்கள். மெலிந்து போனால் சில ஆண்டுகளில் இணைப்பைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். கடினமாகிப் போனால் சுவரே போய்விடும்.

பொடிச் சுண்ணாம்பு மட்டமா?

மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எப்போது தயாரித்தது என்பதைப் பாருங்கள். மூட்டைக்குள்ளேயே காற்று பட்டுப் பட்டு அது பழையபடி கல்பொடியாக மாறிக்கொண்டிருக்கும். முன்பு சொன்ன வினிகர் இங்கே உதவும். ஒரு சிட்டிகைப் பொடியில் சில சொட்டு விடுங்கள். நிறைய நுரைத்தால் பொடி செத்துவிட்டது என்று அர்த்தம்.

வயலுக்குப் போடுகிற சுண்ணாம்புத்தூளைச் சிலர் விவரம் தெரியாமல் வாங்கி வந்துவிடுகிறார்கள். அது சுடாமல் அரைத்த கல். எத்தனை நாள் வைத்திருந்தாலும் இறுகாது.

விழுது நேர்மாறு. மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தால் கெடவே கெடாது, நாளாக ஆகத் துகள்கள் நுணுகி வழவழப்பாகும். மூன்று ஆண்டுக்குக் குறைந்த சுண்ணாம்பைக் கட்டடக்காரர்கள் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமில் சட்டம் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவு வேண்டாம், மூன்று மாதம் வைத்திருந்தாலே வித்தியாசம் கரண்டியில் தெரியும்.

ஒரு கைப்பிடி சிமெண்ட் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் பிடிக்குமே?

பிடிக்கும், அடுத்த நாளே தட்டினால் கெட்டியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஈரம் காக்கத் தொங்கவிட்ட சாக்கை எல்லோரும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருக்கும் சுண்ணாம்பு இறுக ஆரம்பித்தே இருக்காது. கடைசியில் சிமெண்டின் பலமும் இல்லை, சுண்ணாம்பின் இளக்கமும் இல்லை, உப்பு மட்டும் மிச்சம். வேகம் வேண்டுமென்றால் நீரிறுகு சுண்ணாம்பை எடுங்கள், அல்லது செங்கல்தூள் சேருங்கள்.

செங்கல்தூள் என்ன செய்யும்?

குறைந்த சூட்டில் சுட்ட களிமண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலேயே இறுகும் பிணைப்பைக் கொடுக்கும். சுர்க்கி என்று சொல்வது இதைத்தான். நேப்பிள்ஸ் அருகே பொஸ்ஸுவோலியில் கிடைத்த எரிமலைச் சாம்பலை ரோமானியர்கள் இதே காரணத்துக்காகத்தான் சேர்த்தார்கள். மாவுபோல நுணுக்கிய தூள்தான் இப்படி வினைபுரியும். கரகரப்பான தூள் மணல் மாதிரிதான் இருக்கும், நிறம் மட்டும் தரும். அதிகச் சூட்டில் வெந்து கறுத்த செங்கலில் வினை குறைவு, இளம் சூட்டுச் செங்கல்தான் நல்லது. சிமெண்ட் ஒட்டிய இடிபாட்டுச் செங்கலை அரைக்கவே அரைக்காதீர்கள்.

பழைய சாந்தில் என்ன விகிதம் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மழையில் அரிக்காத இடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, பொடித்து, எடை போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும், மணல் மிஞ்சும். கழுவிக் காயவைத்து எடை போட்டால் விகிதம் தெரியும். மணலில் கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல் துகளோ இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும். முக்கியமான கட்டடம் என்றால் ஆய்வகத்தில் நுண்ணோக்கி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், விகிதத்தைவிட மிஞ்சிய அந்த மணல்தான் பெரிய லாபம். அதன் நிறம், பரு, நுணுக்கம் எல்லாம் கையில் இருக்கிறது. அதே மாதிரி மணலைத் தேடிப் பிடித்தால் புது வேலை பழைய சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

எப்படிப்பட்ட மணல் வேண்டும்?

கையில் அள்ளி இறுக்கினால் கரகரவென்று சத்தம் வர வேண்டும், உள்ளங்கையில் கறை ஒட்டக் கூடாது. பருமணல், நடுத்தரம், நுணுக்கம் எல்லாம் கலந்திருக்க வேண்டும். பெரிய பருக்கைகளுக்கு நடுவில் சின்னவை அடைத்துக்கொண்டால் சுண்ணாம்பு நிரப்ப வேண்டிய இடம் குறையும், அதனால் சுருக்கமும் வெடிப்பும் குறையும். ஒரே அளவில் சலித்த நைசான மணல் பூச கைக்கு இதமாக இருக்கும், அப்புறம் வலைவலையாக வெடிக்கும். மிகப் பெரிய பருக்கை இணைப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கடல்மணல் வேண்டாம், உப்பு. கல்லை அரைத்து வரும் மணலில் மாவுத்தூசி அதிகம் இருந்தால் கழுவுங்கள்.

விகிதம் ஒன்றுக்கு மூன்றா, ஒன்றுக்கு இரண்டா?

மணலைக் கேளுங்கள், அதுவே சொல்லும். காய்ந்த மணலை ஒரு லிட்டர் பாத்திரத்தில் தட்டி நிரப்பி, அளந்த தண்ணீரை மேல்மட்டம் வரும்வரை மெல்ல ஊற்றுங்கள். 330 மில்லி பிடித்தால் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு இடத்தையும் சுண்ணாம்பு விழுது நிரப்ப வேண்டும், ஆக ஒன்றுக்கு மூன்று. 400 மில்லி பிடித்தால் ஒன்றுக்கு இரண்டரை. ரோமானியக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸும் ஒரே விகிதத்தைச் சொல்லவில்லை. குழிமணல் என்றால் ஒன்றுக்கு மூன்று, ஆற்றுமணல் என்றால் ஒன்றுக்கு இரண்டு என்கிறார்.

சுட்ட சுண்ணாம்பை மணலோடு நேரடியாகச் சேர்த்து நீற்றுகிற சூட்டுக் கலவை என்றால் கணக்கு வேறு. நீற்றும்போது சுண்ணாம்பு சுமார் இரண்டு மடங்காகப் பூக்கும். அதனால் ஒன்றுக்கு மூன்று என்று அளந்து போட்டது, முடிவில் ஒன்றுக்கு ஒன்றரை போலச் செழிப்பாக நிற்கும். பழைய சாந்துகளில் சுண்ணாம்பு ஏன் இவ்வளவு அதிகம் என்று வியந்தவர்களுக்குப் பல இடங்களில் இதுதான் விடை. அந்த வெள்ளைக் கட்டிகளும் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தண்ணீரைக் குறையுங்கள். விழுதிலேயே போதிய ஈரம் இருக்கிறது. முதலில் கலவை உதிரியாகத்தான் தெரியும், ‘தண்ணி பத்தல’ என்பார்கள். மிதியுங்கள், இடியுங்கள், பத்து நிமிடம் அடியுங்கள். தானாக இளகி வரும்.

நானே சுண்ணாம்பு நீற்றலாமா?

செய்யலாம், பயத்தோடு செய்யுங்கள். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகள், கொஞ்சம் கொஞ்சமாக. தலைகீழாகச் சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்துக்கே தெறிக்கும். முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. கட்டியைச் சுற்றிச் சின்னக் குமிழ்கள் வரும். பிறகு ஒரு முனகல் சத்தம், கட்டி பிளந்து விரியும், ஆவி கிளம்பும், சில நிமிடத்தில் டிரம் முழுக்கத் தளதளவென்று கொதிக்கும். சுண்ணாம்பு அப்படிக் கொதிக்கவில்லை, சும்மா கிடக்கிறது என்றால் அது காற்றுப் பட்டுக் கெட்டுப்போனது. பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், வேண்டாம்.

கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே இருபது நிமிடம் விடாமல் சுத்தமான தண்ணீரில் கழுவிக்கொண்டு, மருத்துவரிடம் ஓட வேண்டும். கழுவும் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு மூட்டை மழையில் நனைந்து, அந்தச் சூட்டில் பக்கத்திலிருந்த சாக்கும் மரமும் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் சேர்த்தால்தான் உறுதியா?

உலகம் முழுக்கக் கையில் கிடைத்ததைச் சேர்த்திருக்கிறார்கள். சீனாவில் பசையரிசிக் கஞ்சி, வேறு இடங்களில் பால், ரத்தம், எண்ணெய், மரப்பிசின். சும்மா நம்பிக்கை இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சர்க்கரை கலவையை இளக்கும், தண்ணீரைக் குறைக்கும். எண்ணெய் மழைநீரைத் தள்ளும். அரிசியின் மாவுச்சத்து படிகங்களை நுணுக்கமாக வளரவைக்கும். அளவு மீறினால் சர்க்கரை இறுகுவதையே தடுத்துவிடும், எண்ணெய் அடுத்த பூச்சை ஒட்டவிடாது. சாதாரண இணைப்பு வேலைக்கு நல்ல சுண்ணாம்பு, நல்ல மணல், ஈரம் மூன்றும் போதும். மணலைச் சரியாகப் பார்க்காமல் கடுக்காயைத் தேடி அலைவதில் பயனில்லை.

இணைப்புகளைப் புதுப்பிப்பது எப்படி? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் எங்கெல்லாம் தேவையில்லை என்று பாருங்கள். பழைய சாந்து உறுதியாக இருக்கும் இடத்தைத் தொடக் கூடாது. ‘ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று முழுச் சுவரையும் சுரண்டுவதுதான் நான் பார்த்த பெரிய வீண்.

இணைப்பின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு ஆழம் எடுக்க வேண்டும், 20–25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிய உளியும் சுத்தியலும்தான். கிரைண்டர் வைத்தால் வேலை ஒரு மணியில் முடியும், செங்கல் விளிம்பில் விழுந்த வெட்டு அந்தக் கட்டடம் இருக்கும்வரை இருக்கும். குழியின் அடி சதுரமாக இருக்க வேண்டும், ‘வி’ வடிவமாக இருந்தால் சாந்துக்குப் பிடி இல்லை. தூசியைத் துடைத்து, கழுவி, முந்தின நாளே ஒருமுறை நனையுங்கள். பூசுவதற்குச் சற்றுமுன் மறுபடி நனையுங்கள். செங்கல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் மினுமினுக்கக் கூடாது. காய்ந்த செங்கல் சாந்திலிருக்கும் தண்ணீரை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும்.

சாந்தை இணைப்பைவிடக் குறுகிய கரண்டியால் உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். ஆழமான இடத்தில் இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள். மேலே தடவி மூடிவிட்டு உள்ளே காலியாக விடுவது பழைய தந்திரம், தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். வெயிலைப் பொறுத்துச் சில மணி நேரம் ஆகலாம், மறுநாள்கூட ஆகலாம். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதத்தில் கடினமான பிரஷ்ஷின் முனையால் இணைப்பின்மீது குத்திக் குத்தி அடியுங்கள். மேலே படிந்திருக்கும் சுண்ணாம்புப் பால் போய், மணல் பரு வெளியே தெரியும், சுருக்கக் கீறல்கள் மூடிக்கொள்ளும், துளைகள் திறக்கும். கரண்டியால் வழவழவென்று இழுத்து மினுக்கினால் அந்தத் துளைகள் அடைபடும், காற்றும் உள்ளே போகாது. சிமெண்ட் வேலையில் பழகிய கைக்கு இந்த ஆசையை அடக்குவதுதான் கஷ்டம்.

செங்கலின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் சாந்தை அதன்மேல் ஏற்றாதீர்கள், சற்று உள்ளே தள்ளி நிறுத்துங்கள். முகத்தில் பரப்பினால் அங்கே மெல்லிய ஏடாக உதிரும், கோடும் அகலமாகத் தெரியும்.

எத்தனை நாள் ஈரம் காட்ட வேண்டும்?

குறைந்தது ஒரு வாரம், விழுதில் செய்த வேலைக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ. குழாயைப் பிடித்துப் பீய்ச்சக் கூடாது. பனிபோலத் தெளித்து, முன்னால் ஈரச் சாக்கைச் சுவரில் ஒட்டாமல் தொங்கவிடுங்கள். ஈரமும் அரைக்காய்ச்சலுமாக மாறி மாறி இருந்தால் நல்லது. காற்றை மறந்துவிடாதீர்கள், வெயிலைவிட வேகமாக உலர்த்துவது அதுதான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மேற்குச் சுவரைக் காலையில் முடித்துவிட்டு, ‘மதியத்துக்கு மேல் சாக்குக் கட்டிக்கொள்ளலாம்’ என்று போய்விட்டேன். மூன்று மணி வெயில் நேராக அடித்தது. மறுநாள் விரலால் தேய்த்தபோது சாந்து திருநீறு மாதிரி கையோடு வந்தது. முழுவதையும் சுரண்டி மறுபடி செய்தோம். அன்றிலிருந்து சாக்கைக் கட்டிவிட்டுத்தான் சாந்து கலக்கச் சொல்கிறேன்.

முதல் மாதத்தில் மேலிருந்து சில மில்லிமீட்டர்தான் கல்லாகியிருக்கும். உள்வரை போகப் பல மாதங்கள் ஆகும். ஒரு துண்டை உடைத்து, காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தடவினால் இன்னும் மாறாத பகுதி இளஞ்சிவப்பாகும், மாறிய பகுதி நிறமில்லாமல் இருக்கும்.

எந்தப் பருவத்தில் செய்யலாம்?

5 டிகிரிக்குக் கீழே போனால் இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும். இன்னும் இறுகாத பச்சைச் சாந்துக்குள் தண்ணீர் உறைந்தால் விரிந்து சிதறடித்துவிடும். உறைபனி வரும் இடங்களில் குளிர்காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வெளிவேலையை முடித்துவிட வேண்டும். கொளுத்தும் வெயிலில் நிழல் இருக்கும் பக்கத்தைத் தேடித் தேடி வேலை செய்யுங்கள். கனமழை என்றால் மூடுங்கள்.

பூச்சில் மயிரிழை வெடிப்பு வந்துவிட்டது. இடிக்க வேண்டுமா?

பச்சையாக இருந்தால் நனைத்து, மரக்கட்டையால் திரும்ப அழுத்தித் தேயுங்கள், மூடிக்கொள்ளும். பல முறை செய்ய வேண்டிவரும். ஒரு பூச்சு 10–15 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிக்கத்தான் செய்யும். இறுகிய பிறகு தெரியும் மயிரிழைகளைச் சுண்ணாம்பு நீரும் வெள்ளையடிப்பும் பார்த்துக்கொள்ளும். சாந்தில் மீதமிருக்கும் சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து, வெடிப்பில் படிந்து, தானாகவே அடைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு.

யாரோ முன்பே சிமெண்ட் பூசிவிட்டார்கள். எடுத்துவிடலாமா?

தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்டால், செங்கலை விட்டு விலகிவிட்டது, எடுக்கலாம். மெல்லிய உளிக்குப் பெயர்ந்து வந்தால் எடுங்கள். செங்கலின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சில ஆண்டுகளில் அது தானாகவே விடும், அதுவரை பக்கத்துப் பகுதியைச் சரிசெய்யலாம். சோதனைக்கு ஒரு சதுர மீட்டர் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒப்பந்தக்காரர் ‘முழுக்க எடுத்துடலாம் சார்’ என்றால் முதலில் அந்த ஒரு மீட்டரை உங்கள் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சுவரில் பெரிய விரிசல் இருக்கிறது. சாந்து வைத்து அடைத்தால் போதுமா?

போதாது. விரிசலை அடைப்பதற்குமுன் அது ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். உடைந்த வடிகால், அஸ்திவாரத்துப் பக்கத்து மரம், துருப்பிடித்து விரியும் இரும்புக் கம்பி, மேலே புதிதாக ஏற்றிய பாரம் என்று ஏதாவது இருக்கும். விரிசலின் இருபக்கமும் அளவுக்குறி வைத்து மாதாமாதம் எழுதிவாருங்கள். ஒரு முழு ஆண்டு பார்த்தால்தான் பருவத்தோடு திறந்து மூடுகிறதா, ஒரேயடியாக விரிந்துகொண்டு போகிறதா என்பது தெரியும். விரிந்துகொண்டே போகிறது என்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், பழைய கட்டடத்தில் பழகியவராக.

நின்றுபோன விரிசலுக்கு நீர்த்த நீரிறுகு சுண்ணாம்புக் கலவையைக் கீழிருந்து மேலாக, கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தலாம். ஒரே நாளில் உயரமாக நிரப்பினால் அந்தத் திரவத்தின் அழுத்தமே சுவரின் முகத்தை வெளியே தள்ளிவிடும்.

சுவரில் உப்பு பூக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு சரிசெய்துவிடுமா?

தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எதுவும் சரிசெய்யாது. கூரை, தாழ்வாரக் குழாய், சுவரோரம் ஏறிப்போன மண்மட்டம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும். அதன்பின் மெலிந்த சுண்ணாம்புப் பூச்சைப் போட்டு, அது உப்பை வாங்கி உதிர்ந்ததும் எடுத்துவிட்டுப் புதிது போடலாம். அது உதிர்வதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். உப்பை வாங்கிக்கொண்டு போகத்தான் அதைப் போட்டோம்.

இணைப்பில் செடி முளைத்திருக்கிறது.

இழுக்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தடவி, வேர் செத்துச் சுருங்கும்வரை விடுங்கள். தடித்த வேர் என்றால் அந்தக் கற்களை எண் போட்டுக் கழற்றி, வேரை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

மேலே என்ன பெயிண்ட் அடிக்கலாம்?

வெள்ளையடிப்புதான். சுண்ணாம்பு விழுதைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஈரச் சுவரில், மெல்லியதாக நான்கைந்து கை. அடிக்கும்போது கண்ணாடி மாதிரிதான் தெரியும், ‘ஒண்ணுமே பிடிக்கலையே’ என்று தோன்றும். உலர்ந்தால் வெளுக்கும். முதல் கையிலேயே வெள்ளையாகத் தெரிந்தால் கரைசல் கெட்டி, உதிரப்போகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சிமெண்ட் பூசியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஈரம் மாட்டிக்கொள்ளும்.

புது வேலை பழையதுபோலத் தெரிய நிறம் சேர்க்கலாமா?

சரியான மணல் இருந்தால் தேவைப்படாது. பழைய பொருளை மதிக்க வேண்டும், சேர்த்த பகுதி மொத்தத்தோடு இசைந்தும் அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. பத்தடி தள்ளி நின்றால் தெரியக் கூடாது, பக்கத்தில் போனால் தெரிய வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. புதுச் சாந்து முதல் வருடம் பளிச்சென்றுதான் இருக்கும். டீத்தூள் தண்ணீர் தெளித்து மங்கவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மழையே அதைச் செய்துவிடும்.

கொத்தனாருக்குச் சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர் முன்பு செய்த சுவரைக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு மழைக்காலம் தாண்டிய சுவராக. ‘எவ்வளவு நாளில் முடியும்?’ என்று கேளுங்கள். ஈரம் காட்டும் நாட்களையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். பூச்சு முடிந்த அன்றே சாரத்தைப் பிரிப்பதாகச் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

மாலையில் மீந்துபோன சாந்தை என்ன செய்வது?

விழுதில் கலந்தது என்றால் ஈரச் சாக்கால் மூடி, காற்றுப்படாமல் வைத்து, நாளைக்கு அடித்து இளக்கிப் பயன்படுத்தலாம். வாரக்கணக்கில்கூட இருக்கும். நீரிறுகு சுண்ணாம்போ செங்கல்தூளோ கலந்தது என்றால் அன்றே முடித்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டுக் கிளறி மறுநாள் சுவரில் வைக்காதீர்கள்.